சம்மட்டியும் பட்டடையும்

சில வருஷங்களுக்கு முன் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டு இந்தக் கட்டுரையை ஆரம்பிப்பதுதான் முறை என்று நினைக்கிறேன். வசதியுள்ள ஒரு குடும்பத்தார் என்னைத் தேடி வந்து, காலமாகிவிட்ட தங்கள் தகப்பனாரின் வாழ்க்கைச் சரிதத்தை எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள். தொகை நல்ல தொகை. எனக்கு அப்போது பணமும் தேவையாக இருந்தது. மூன்று மாதம் உட்கார்ந்து எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்த மூத்த பிள்ளை ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார். பெரியவருக்கு முதல் தாரம் ஒருத்தி இருந்தாள்; அவளைப் பற்றிய நாலு வரி வேண்டாம் என்றார். நாலு வரிதானே என்று நானும் எடுத்துவிட்டேன்.

புத்தகம் வெளியாகி ஒரு மாதம் இருக்கும். வயதான ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். முதல் தாரத்துப் பிள்ளை என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். "அம்மாவைப் பற்றி நாலு வரி இருந்ததாமே ஸார், இடம் போதவில்லையோ?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் கோபமில்லாமல் கேட்டார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இதை மறந்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணூறு வருஷங்களுக்கு முன் ஒரு குடும்பத்தின் செலவில் எழுதப்பட்ட வேறொரு சரிதத்தைச் சமீபத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தபோது அந்தப் பெரியவரின் குரல் மறுபடி காதில் விழுந்தது. வில்லியம் மார்ஷல் என்ற பிரபுவின் கதை அது. பழைய பிரெஞ்சில், 19,214 வரிகளில், எட்டசை இரட்டை வரிகளாக எழுதப்பட்ட ஒரு செய்யுள் நூல்.

இங்கிலாந்துப் பிரபுவின் கதையைப் பிரெஞ்சில் எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். 1066-ல் நார்மண்டியின் கோமகன் இங்கிலாந்தை ஜெயித்த பிறகு, அந்த நாட்டுப் பிரபுக்கள் பல தலைமுறைகளுக்குப் பிரெஞ்சுதான் பேசினார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு கோட்டை, அந்தப் பக்கம் ஒரு கோட்டை என்று இரண்டு கரையிலும் சொத்து, இரண்டு கரையிலும் சம்பந்தம். ஆங்கிலோ நார்மன் பிரபுக்கள் என்று சரித்திரக்காரர்கள் அவர்களைச் சொல்வது அதனால்தான். மார்ஷல் என்பதும் ஆரம்பத்தில் பெயரல்ல, உத்தியோகம். அரசனுடைய குதிரைகளை மேற்பார்வை பார்க்கும் பரம்பரைப் பதவி. பதவியே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது.

நூல் கிடைத்த கதையே ஒரு நாவலுக்குப் போதும். 1861-ல் லண்டனில் ஓர் ஏலத்தில் பால் மேயர் என்ற பிரெஞ்சு வாலிபர் இந்தச் சுவடியைக் கண்டார். புரட்டிப் பார்க்கத்தான் நேரமிருந்தது. வேறொருவர் ஏலத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கே போயிற்று என்று தேடித் தேடி, இருபது வருஷம் கழித்து 1881-ல்தான் மேயரால் அதை உட்கார்ந்து படிக்க முடிந்தது. 1891-க்கும் 1901-க்கும் இடையில் மூன்று பாகங்களாகப் பதிப்பித்தார். ஏலக் கூடத்தில் பார்த்தபோது இருபத்தோரு வயது; கடைசிப் பாகம் வெளிவந்தபோது அறுபதைத் தாண்டிவிட்டது. மூலச் சுவடி இப்போது நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் இருக்கிறது.

எழுதியவன் பெயர் ஜான் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. எழுதச் சொன்னவன் கதாநாயகனின் மூத்த மகன். அவன் பெயரும் வில்லியம்தான். விவரங்களைச் சொன்னவர், ஸ்க்வயராகச் சேர்ந்து முப்பது வருஷம் பிரபுவின் கூடவே இருந்த எர்லியின் ஜான். 1219-ல் பிரபு இறந்தார்; அதற்கு ஏழெட்டு வருஷங்களுக்குள் நூல் முடிந்துவிட்டது. ஆக, மகனின் பணம், ஊழியரின் ஞாபகம், கூலிக்கு எழுதுகிறவனின் பேனா. என்னைப் போன்றவனுக்குப் பழக்கமான ஏற்பாடுதான். இந்த ஏற்பாட்டில் பிறந்த நூலில் எவ்வளவு உண்மை தப்பிப் பிழைத்திருக்கிறது என்பதுதான் நான் பார்க்க விரும்பியது.

வில்லியம் 1147-ஐ ஒட்டிப் பிறந்தவன். தகப்பன் ஜான் மார்ஷல். ஸ்டீஃபன் அரசனுக்கும் மட்டில்டா அரசிக்கும் சிம்மாசனத்துக்காக உள்நாட்டுப் போர் நடந்த காலம் அது. ஜான் மட்டில்டாவின் கட்சி. 1141-ல் எதிரிகள் ஒரு தேவாலயத்தில் அவனை வைத்துத் தீ மூட்டினார்கள். கூரை ஈயம் உருகி விழுந்து ஒரு கண் போயிற்று. ஆனாலும் அவன் சரணடையவில்லை. அப்படிப்பட்ட ஆள். அவனுக்கு முதலில் அலீன் பிப்பார்ட் என்று ஒரு மனைவியும் அவளிடம் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். பக்கத்துச் சீமைப் பிரபு ஸாலிஸ்பரி பாட்ரிக்குடன் சண்டை முற்றியது. சமாதானம் செய்துகொள்ள வேண்டி, அலீனைத் தள்ளிவைத்துவிட்டு பாட்ரிக்கின் தங்கை ஸிபிலைக் கல்யாணம் செய்துகொண்டான். நம் வில்லியம் ஸிபிலின் இரண்டாவது பிள்ளை. ஒரு சமாதான உடன்படிக்கைக்குப் பிறந்த பிள்ளை என்று சொல்லலாம். அலீன் என்ன நினைத்தாள் என்று எந்தப் புலவனும் போய்க் கேட்டுப் பாடவில்லை. இந்த இடத்தில்தான் என் திண்ணைப் பெரியவர் எனக்கு முதலில் ஞாபகம் வந்தார்.

1152-ல் நியூபரி என்ற இடத்தில் ஜானின் கோட்டையை ஸ்டீஃபன் முற்றுகையிட்டான். ஜான் தவணை கேட்டான். தவணைக்கு ஈடாக ஐந்து வயது வில்லியத்தைப் பிணையாகக் கொடுத்தான். கிடைத்த நாட்களில் சரணடைவதற்குப் பதிலாகக் கோட்டைக்குள் ஆளும் உணவும் சேர்த்துக்கொண்டான். பையனைத் தூக்கில் போடுவோம் என்று சேதி வந்தது. இதைவிட நல்ல பிள்ளைகளை அடித்து உருவாக்கச் சம்மட்டியும் பட்டடையும் தன்னிடம் இன்னும் இருக்கின்றன என்று தகப்பன் பதில் சொல்லி அனுப்பினானாம்.

அதன் பிறகு வருவதைத்தான் நான் மறக்க முடியாது. தூக்குமரத்துக்குக் கொண்டுபோகும் வழியில் பையன் ஒரு பிரபுவின் கையிலிருந்த ஈட்டியைப் பார்த்துவிட்டு, விளையாடத் தரச் சொல்லிக் கேட்கிறான். அரசனுக்கு மனம் வரவில்லை. திருப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறான். கல்லெறியும் பொறியில் வைத்துக் கோட்டைக்குள் வீசிவிடலாம் என்று இன்னொரு யோசனை. பையன் அதை ஊஞ்சல் என்று நினைத்துக்கொள்கிறான். பிறகு ஒரு நாள் அரசனின் கூடாரத்தில் செடித் தண்டுகளை வாளாக வைத்துக்கொண்டு அரசனும் பிணைக்கைதியும் சண்டை விளையாடுகிறார்கள். அப்போது கூடாரத்து இடுக்கில் ஒரு முகம் எட்டிப் பார்க்கிறது. பிள்ளை உயிரோடிருக்கிறானா என்று பார்த்துவர அம்மா அனுப்பிய வேலைக்காரன் அவன். பையன் சந்தோஷத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட, அவன் விழுந்தடித்துக்கொண்டு ஓடுகிறான்.

தகப்பனின் வாக்கியத்தைப் பற்றி விமரிசகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அரசன் இளகிய மனசுக்காரன் என்று தெரிந்து சொன்ன தந்திரப் பேச்சு என்கிறார்கள் சிலர். அந்தக் காலத்தில் இரண்டாவது பிள்ளைக்கு மதிப்பு அவ்வளவுதான் என்கிறார்கள் சிலர். எது சரியோ எனக்குத் தெரியவில்லை. என் கவனம் வேறு இடத்தில் போகிறது. இந்தச் சம்பவம் வேறு எந்தச் சரித்திரக் குறிப்பிலும் இல்லை. அப்படியானால் புலவனுக்கு எப்படித் தெரியும்? வில்லியமே தன் பிற்காலத்தில், விருந்து முடிந்து கணப்பு அருகில் உட்கார்ந்து, தன் ஆட்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். ஈட்டியும் ஊஞ்சலும் செடித் தண்டும் ஒரு மனிதன் தன் பயத்தை எழுபது வயது வரையில் கெட்டியாக மூடிவைத்திருந்த மூடிகள். புலவன் சிரிப்பை அப்படியே எழுதிவைத்தான். ஆனால் அம்மாவின் வேலைக்காரனையும் விடாமல் எழுதிவைத்தானே, அதற்காக அவனுக்கு நான் நமஸ்காரம் செய்கிறேன். தகப்பனின் வாக்கியம் எல்லோருக்கும் தெரியும். அம்மா வாக்கியம் எதுவும் சொல்லவில்லை, ஆள் அனுப்பினாள்.

இரண்டாம் பிள்ளைக்குச் சொத்து இல்லை. ஆகவே வில்லியத்தைக் கடல் தாண்டி நார்மண்டிக்கு, அம்மா வழி உறவினரான டாங்கர்வில் பிரபுவின் வீட்டுக்கு, வளர அனுப்பினார்கள். அங்கே அவனுக்குச் சாப்பாட்டு ராமன் என்கிற மாதிரி ஒரு பட்டப் பெயர் கிடைத்தது. சண்டை கற்றான், நைட் பட்டம் பெற்றான். 1168-ல் மாமன் பாட்ரிக்கை அவன் கண்ணெதிரிலேயே கொன்றார்கள். வில்லியம் தொடையில் காயத்துடன் சிறைப்பட்டான். முன்பின் தெரியாத ஒரு பெண் ரொட்டியைக் குடைந்து அதற்குள் துணிப்பட்டை வைத்து அனுப்பி, காயத்துக்குக் கட்டுப்போட வழி செய்தாள். எலியனார் அரசி பணம் கொடுத்து மீட்டாள். அந்த அறிமுகத்தில்தான் இளைய அரசன் ஹென்றியின் அரண்மனையில் இடம் கிடைத்தது.

பிறகு பதினைந்து வருஷம் டூர்னமெண்ட் வாழ்க்கை. டூர்னமெண்ட் என்றால் சினிமாவில் பார்க்கிற மாதிரி இரண்டு பேர் எதிரெதிரே குதிரையில் வருவதல்ல. வயலும் தோப்பும் கிராமமுமாகப் பரந்த வெளியில் நூற்றுக்கணக்கானவர்கள் மோதுவது. தோற்றவன் பிணை, அவன் குதிரையும் கவசமும் ஜெயித்தவனுக்கு. ஆளையும் பணம் கொடுத்துத்தான் விடுவிக்க வேண்டும். வில்லியமும் இன்னொருவனும் கூட்டு வைத்துக்கொண்டு பத்து மாதத்தில் 103 நைட்டுகளைப் பிடித்தார்களாம். வாழ்நாளில் தான் பிடித்தவர்கள் 500 பேர் என்று சாகும்போது அவரே கணக்குச் சொன்னார். பிணைக்கைதியாக வாழ்க்கையைத் தொடங்கிய பையன், பிணை பிடிப்பதையே தொழிலாகக் கொண்டு தலையெடுத்தான்.

ஒரு பந்தயத்தில் பரிசு அவனுக்கு என்று முடிவாகிறது. ஆளைக் காணோம். தேடிக்கொண்டு போனால் கொல்லன் பட்டறையில் இருக்கிறான். அடிபட்டு நசுங்கிய இரும்புத் தொப்பி தலையைவிட்டு வரமாட்டேன் என்கிறது. பட்டடைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டு மண்டியிட்டிருக்கிறான். கொல்லன் சம்மட்டியும் குறடுமாகத் தட்டித் தட்டிக் கழற்றிக்கொண்டிருக்கிறான். புலவன் இதைத் தமாஷாகத்தான் சொல்கிறான். தகப்பன் பேசிய பட்டடையைச் சில ஆயிரம் வரிகளுக்கு முன் எழுதியவன் தானே என்கிற நினைவே அவனுக்கு இல்லை. ஒரு நாவலாசிரியனாக இருந்தால் இந்த இடத்தில் ஏதாவது பேசிக் காரியத்தைக் கெடுத்திருப்பான். நானே கெடுத்திருப்பேன்.

1183-ல் இளைய அரசன் இறந்தான். அவன் நேர்ந்துகொண்ட சிலுவையை எடுத்துக்கொண்டு வில்லியம் எருசலேம் போய்வந்தான். திரும்பும்போது தன் சவத்தின்மேல் போர்த்துவதற்கென்று பட்டுத் துணி வாங்கிவந்து பெட்டியில் வைத்துக்கொண்டான். ஆனால் பாதி வாழ்க்கை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. 1189-ல், ஏறக்குறைய நாற்பத்திரண்டு வயதில், இஸபெல் தெ க்ளேரைக் கல்யாணம் செய்துகொண்டார். இனி ‘அவர்’ என்றுதான் எழுத வேண்டும். நிலம் வந்தால் மரியாதையும் வந்துவிடுகிறது. இஸபெல்லுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. தகப்பன் ஸ்ட்ராங்போ என்று பேர்பெற்ற நார்மன் பிரபு. தாய் ஈஃபா, அயர்லாந்தில் லின்ஸ்டர் அரசனின் மகள். வேல்ஸ் எல்லையில் கோட்டையும் அயர்லாந்தில் ஒரு நாடும் அவள் கொண்டுவந்த சீர். சொற்ப நிலமே இருந்தவர் ஒரே நாளில் பெருநிலக்காரர் ஆனார். 1199-ல் பெம்ப்ரோக்கின் ஏர்ல் என்ற பட்டமும் வந்தது. ஐந்து பிள்ளைகள், ஐந்து பெண்கள்.

இப்போது கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 1204-ல் ஜான் அரசன் நார்மண்டியைப் பிரெஞ்சு அரசனிடம் இழந்தான். இரண்டு கரையிலும் சொத்துள்ளவர்களுக்குச் சங்கடம். வில்லியம் தம் நார்மண்டி நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரெஞ்சு அரசனுக்கும் பணிவு தெரிவித்தார். ஜானுக்குச் சந்தேகம் முளைத்தது. 1205-ல் வில்லியத்தின் மூத்த மகனைப் பிணையாகக் கேட்டான், கொடுத்தார். 1207-ல் வில்லியம் அயர்லாந்துக்குக் கிளம்பியபோது இரண்டாமவன் ரிச்சர்டையும் கேட்டான், கொடுத்தார்.

நியூபரியில் பிணையாக நின்ற பையன், தன் இரண்டு பையன்களைப் பிணை கொடுக்கிறார். அதுவும் எப்படிப்பட்ட அரசனிடம்? ஸ்டீஃபன் குழந்தையோடு விளையாடியவன். ஜானின் கையிலோ, பிள்ளைகளைத் தர மறுத்த பிரியூஸ் பிரபுவின் மனைவி மட்டில்டாவும் அவள் மகனும் 1210-ல் சிறையில் பட்டினி கிடந்து இறந்தார்கள். 1212-ல் வேல்ஸ் நாட்டுப் பிணைப் பிள்ளைகள் 28 பேரை நாட்டிங்ஹாமில் தூக்கிலிட்டான் என்று அக்காலத்துச் சரித்திரக் குறிப்பு சொல்கிறது. வில்லியத்தின் பிள்ளைகள் இருவரும் பின்னர் உயிரோடு திரும்பினார்கள். ஆனால் திரும்புவார்கள் என்று கொடுக்கும்போது அவருக்குத் தெரியாது.

நூல் இந்தச் சம்பவங்களைச் சொல்கிறது. ஆனால் நியூபரியை ஞாபகப்படுத்துவதில்லை. வில்லியத்தின் பெயரைச் சொன்னாலே ராஜவிசுவாசம் என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். ஜான் அவரை என்னதான் சீண்டினாலும் அவர் கலகம் செய்யவில்லை. 1208-ல் கில்ஃபோர்டில் அரசன் அவரைக் கூப்பிட்டு, அயர்லாந்தில் சண்டை நடந்து அவர் ஆட்கள் மாண்டார்கள் என்று ஒரு பொய்ச் செய்தியைச் சொல்லி முகத்தைப் பார்த்தான். வில்லியம், அவர்கள் தங்கள் ஆட்களும்தானே அரசே என்ற பாவத்தில் அமைதியாகப் பதில் சொன்னார். இது விசுவாசமா, இரண்டு பிள்ளைகளை அடகு வைத்திருக்கிற தகப்பனின் மூச்சடக்கமா? இரண்டும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்றை மட்டும் சொல்வேன். அவர் தகப்பன் மீறப்போகிற வாக்குக்குப் பிள்ளையைக் கொடுத்தான். இவர் காப்பாற்றப்போகிற வாக்குக்குக் கொடுத்தார். சம்மட்டியைப் பற்றி இவர் பேசவில்லை.

அடுத்து நூலின் பெரிய மௌனம். 1215-ல் பிரபுக்கள் எல்லாம் கூடி ஜானை மாக்னா கார்ட்டாவுக்குச் சம்மதிக்க வைத்தார்கள். அந்தச் சாசனத்தில் அரசனுக்கு யோசனை சொன்ன பிரபுக்களில் முதல் பெயர் வில்லியம் மார்ஷல். அரசன் வாக்கு மீறாமல் பார்த்துக்கொள்ள எதிர்க்கட்சி நியமித்த 25 பேரில் ஒருவன் வில்லியத்தின் மூத்த மகன். தகப்பன் ஒரு பக்கம், பிள்ளை மறுபக்கம். ஓர் எழுத்தாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் 19,214 வரிகளில் மாக்னா கார்ட்டா என்ற பேச்சே இல்லை. அந்த வருஷத்துச் சங்கதிகளில் சொல்லத் தகாதவை பல உண்டு என்கிற தோரணையில் புலவன் அவசர அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறான்.

காரணம் ஊகிக்கக் கஷ்டமில்லை. கலகக் கட்சியில் இருந்த அந்த மகன்தான் நூலுக்குப் பணம் கொடுத்தவன். நூல் எழுதிய சமயத்தில் அவன் ஜானின் மகளையே கல்யாணம் செய்துகொண்டு அரசனுக்கு மைத்துனனாகியிருந்தான். நாலு வரி வேண்டாம் என்று சொல்லியிருப்பான். அல்லது அவன் சொல்வதற்கு முன்பே புலவன் எடுத்திருப்பான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நஷ்டம் நஷ்டம்தான். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் குடும்பம் பிழைக்கட்டும் என்று தகப்பனும் பிள்ளையும் பேசிவைத்துக்கொண்டு பிரிந்தார்கள் என்று சிலர் சந்தேகிக்கிறார்கள். இருக்கலாம். இளமையை ஜானின் பிணையாகக் கழித்தவன் ஜானை மன்னிக்காமல் போனான் என்பதே எனக்கு இயல்பாகப் படுகிறது. இரண்டில் எது என்று சொல்லக்கூடிய ஒரே நூல், பணம் கொடுத்தவனின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டது.

1216 அக்டோபரில் ஜான் இறந்தான். பாதி நாடு பிரெஞ்சு இளவரசன் கையில். வாரிசு ஒன்பது வயதுப் பையன் ஹென்றி. எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த வில்லியம் அந்தப் பையனுக்கு நைட் பட்டம் கொடுத்து, நாட்டின் பாதுகாவலர் பொறுப்பையும் ஏற்றார். எல்லோரும் கைவிட்டாலும் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு தீவு தீவாகப் போவேன் என்றாராம். இதைப் படித்தபோது அந்தப் பழைய கூடாரம் எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு காலத்தில் ஓர் அரசன் ஒரு பிள்ளையைக் கொல்லாமல் விட்டான். அந்தப் பிள்ளை கிழவனாகி இன்னொரு அரசப் பிள்ளையைத் தூக்கிச் சுமக்கிறான். 1217 மே 20-ந் தேதி லிங்கன் நகரச் சண்டையில், தலைக்கவசம் போட மறந்து கிளம்பி, ஆள் ஞாபகப்படுத்திய பிறகு போட்டுக்கொண்டு, கிழவர் முன்னணியில் பாய்ந்தார். அதற்குள் மனம் மாறித் திரும்பிவந்திருந்த மூத்த மகனும் பக்கத்தில் இருந்தான். எதிர்ப்பக்கத்துத் தலைவனான பெர்ஷ் பிரபு கண்ணுக்கென்று விட்ட துவாரத்தில் ஈட்டி பாய்ந்து இறந்தான். அவனும் வில்லியத்துக்கு அம்மா வழியில் சொந்தம். இந்தப் பிரபுக்களின் சண்டையில் யாரைக் கொன்றாலும் தீட்டுக் காக்க வேண்டியிருக்கிறது.

ஜார்ஜ் துபி என்ற பெரிய பிரெஞ்சு சரித்திராசிரியர் 1984-ல் வில்லியத்தைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். மரணப் படுக்கையில் ஆரம்பிக்கிற, மிக அழகான புத்தகம். இது முழுக்க ஆண்களின் உலகம், பெண்களுக்கு இதில் இடமே இல்லை என்பது அவர் கட்சி. எண்ணிக்கையில் பார்த்தால் அவர் சொல்வது சரி. எடையில் பார்த்தால் சரியல்ல என்பேன். ஆள் அனுப்பிய தாயும் ரொட்டி அனுப்பிய பெண்ணும் இருக்கட்டும். 1207-ல் ராஜ உத்தரவின் பேரில் அயர்லாந்தைவிட்டுக் கிளம்பும் முன் வில்லியம் கில்கென்னியில் தம் ஆட்களைக் கூட்டி, கர்ப்பிணியான இஸபெல்லின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துகிறார். உங்கள் பிறவி எஜமானி இவள்தான், எனக்கு இங்கே இருப்பதெல்லாம் இவள் வழியாக வந்தது, இவளைக் காப்பாற்றுங்கள் என்று பொருள்படப் பேசுகிறார். பெண்ணுக்கு இடமில்லாத நூலில் இப்படி ஒரு சபை கூடாது.

கடைசிப் பகுதிதான் நூலின் கிரீடம். 1219 வசந்தத்தில் தேம்ஸ் நதிக்கரையில் காவர்ஷாம் மாளிகையில் வில்லியம் படுத்துவிட்டார். சொத்தைப் பங்கிட்டார். கடைக்குட்டி அன்ஸெல்முக்கு ஒன்றும் வைக்கவில்லை. என்னைப் போலத் தன் கையால் சம்பாதித்துக்கொள்ளட்டும் என்பது எண்ணம். எர்லியின் ஜான் குறுக்கிட்டுக் கெஞ்சினார். குதிரைக்கு லாடம் அடிக்கவாவது பிள்ளைக்கு வேண்டாமா என்கிற மாதிரிக் கேட்டார். பிறகு 140 பவுன் வருமானமுள்ள நிலம் எழுதிவைத்தார். கல்யாணமாகாத பெண் ஜோனுக்கும் நிலமும் பணமும் வைத்தார். அவளை நினைத்தால் மனசு ஆறவில்லை என்றாராம்.

சிறைப்பிடித்தவர்களிடம் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்தால்தான் மோட்சம் என்ற பேச்சு வந்தது. 500 பேரிடம் வாங்கியதை எங்கே போய்த் திருப்புவேன், அதற்காக மோட்சக் கதவு மூடுமென்றால் மூடட்டும் என்றார். பண்டிகைக்காக வாங்கிவைத்திருந்த 80 அங்கிகளை விற்று ஆன்மாவுக்குச் செலவு செய்யலாம் என்று ஒரு குருமார் யோசனை சொன்னார். கிழவருக்குக் கோபம் வந்துவிட்டது. என் ஆட்களுக்கு என் கையால் கொடுக்கும் கடைசி உடுப்பு அது, கொடுத்தே ஆக வேண்டும் என்றார்.

ஒரு நாள் எர்லியின் ஜானைக் கூப்பிட்டு, ஏனோ பாட வேண்டும் போல இருக்கிறது என்றார். பாடுங்கள், உடம்புக்கு நல்லது என்றார் அவர். பாடினால் பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள் என்று சொல்லி மறுத்துவிட்டார். பெண்களைக் கூப்பிட்டார்கள். மூத்தவள் மட்டில்டா அழுகையை அடக்கிக்கொண்டு பாடினாள். கடைசிப் பெண் ஜோன் கூச்சத்தோடு முணுமுணுத்தாள். அப்படிக் கூச்சப்பட்டால் பாட்டு வராதம்மா என்று சொல்லி, எப்படிப் பாட வேண்டும் என்று படுக்கையிலிருந்தபடியே சொல்லிக் கொடுத்தார். இவ்வளவுதான். யுத்தமும் ராஜ்யமும் 19,000 வரி நடந்த பிறகு, ஒரு தகப்பன் பெண்ணுக்குப் பாட்டு வாத்தியாராகிறான். கூலிக்கு எழுதிய புலவன் இந்த இடத்தில் கூலியை மறந்துவிட்டான். பணம் கொடுத்தவனுக்கு இந்தக் காட்சியால் ஒரு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அங்கே நின்று பார்த்த ஜானுக்கு மறக்கவில்லை. அதனால் நூலில் இருக்கிறது. டெம்ப்ளர் துறவிகளின் வெள்ளை அங்கியை முன்னமே ரகசியமாகத் தைத்து வைத்திருந்தார். அதை உடுத்தினால் அப்புறம் மனைவியைத் தொடக்கூடாது என்பதால் இஸபெல்லிடம் கடைசி முத்தம் கேட்டு வாங்கிக்கொண்டு உடுத்தினார். மே 14-ந் தேதி இறந்தார். எருசலேம் பட்டைப் போர்த்தி லண்டன் டெம்பிள் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். இஸபெல் அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்தாள்.

நூல் இங்கே மங்களமாக முடிகிறது. பிள்ளைகள் ஐந்து பேர், குலம் தழைக்கும். பாவம், புலவனுக்கு மேற்கொண்டு நடந்தது தெரியாது. மூத்தவன் வில்லியம் 1231-ல் இறந்தான். ரிச்சர்ட் 1234-ல் அயர்லாந்தில் சண்டைக் காயத்தில் இறந்தான். கில்பர்ட் 1241-ல் ஒரு டூர்னமெண்டில் குதிரையிலிருந்து விழுந்து இழுபட்டு மாண்டான். தகப்பனுக்குச் சோறு போட்ட பந்தயம் பிள்ளையைத் தின்றுவிட்டது. வால்டர் 1245 நவம்பரில். 140 பவுன் அன்ஸெல்ம் டிசம்பரில். ஐந்து பேரும் வரிசையாக ஏர்ல் ஆனார்கள். ஒருவருக்கும் குழந்தையில்லை. அயர்லாந்து பிஷப் ஒருவரின் சாபம் என்று மாத்யூ பாரிஸ் என்ற துறவி எழுதிவைத்தார். சாபத்தை நான் நம்புகிறவனல்ல. ஆனால் சம்மட்டியைப் பற்றிப் பெருமையடித்த கிழவனின் பேரப்பிள்ளைகளில் ஆண் வழி 26 வருஷத்துக்குள் அற்றுப்போயிற்று என்பது உண்மை.

சொத்தெல்லாம் ஐந்து பெண்களின் வாரிசுகளுக்குப் பிரிந்தது. மார்ஷல் பதவி, அழுகையை அடக்கிக்கொண்டு பாடினாளே, அந்த மட்டில்டாவின் வழிக்குப் போயிற்று. இன்னொரு பெண் இஸபெல்லின் கொள்ளுப்பேரன்தான் ஸ்காட்லாந்தை மீட்ட ராபர்ட் புரூஸ். இடமில்லை என்று சொல்லப்பட்டவர்கள் வழியாகத்தான் அந்த மனிதரின் ரத்தம் ஓடிற்று.

ஆகவே இந்த நூலைப் பற்றி என் தீர்ப்பு இது: பணம் கொடுத்தவன் எங்கே பார்த்துக்கொண்டிருந்தானோ அங்கேயெல்லாம் இது பொய்யல்ல, மௌனம். அவன் பார்க்காத இடத்திலெல்லாம் சத்தியம். பிள்ளை பட்ட பயம், ரொட்டிக்குள் வைத்த துணி, பெண்ணின் கூச்சம் இவையெல்லாம் அவன் கண்ணில் படாமல் தப்பி வந்துவிட்டன. இலக்கியம் பல சமயங்களில் இப்படித் தப்பி வந்ததுதான்.

நான் எழுதிய சரிதத்தில் அப்படி ஏதாவது தப்பி வந்திருக்கிறதா என்று அலமாரியிலிருந்து எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். பெரியவர் ஒரு முறை காய்ச்சலில் படுத்திருந்தபோது, பழைய வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார் என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பழைய வீடு முதல் தாரத்தின் வீடு. மூத்த பிள்ளைக்கு அது தெரியவில்லை; எழுதும்போது எனக்கும் தெரியவில்லை. திண்ணையில் வந்து உட்கார்ந்த பெரியவருக்கு அந்த வரியைக் காட்ட வேண்டும் போலிருந்தது. விசாரித்தேன். அவர் போய் இரண்டு வருஷமாகிவிட்டது என்றார்கள்.